மதுரையிலிருந்து சர்வதேசக் கல்விக் கொள்கைத் துறைக்கு: எதை முதலில் செய்வது, எதைத் தள்ளிப்போடுவது

உலக வங்கி, யுனெஸ்கோ, யுனிசெஃப் மாதிரி இடங்களில் கல்வி சார்ந்த வேலைக்குப் போக நினைப்பவர்கள் முதல் நாளே வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தைத் தேட ஆரம்பிக்கிறார்கள். அங்கேதான் வரிசை தலைகீழாகிறது. பல்கலைக்கழகம் ஆறாவது படி. அதற்கு முன்னால் கையில் ஒரு கேள்வி இருக்க வேண்டும், அந்தக் கேள்வியோடு ஊர் ஊராகச் சுற்றியிருக்க வேண்டும், அதை எண்ணில் போட்டுப் பார்க்கவும் தெரிந்திருக்க வேண்டும். இவை இல்லாமல் விமானம் ஏறுபவர்கள் லட்சக்கணக்கில் கடனோடு திரும்பி வந்து, அப்புறம்தான் களப்பணி தேடுகிறார்கள்.

ஆரம்பிக்க வேண்டியவை அதிகமில்லை: ஏதாவது ஓர் இளநிலைப் பட்டம் (60 சதவீதத்துக்கு மேல் இருந்தால் நல்லது), ஒரு மடிக்கணினி, வார இறுதிகள், பாஸ்போர்ட். முதல் சர்வதேச ஒப்பந்தம் கைக்கு வர நாலைந்து வருடம் ஆகும் என்று வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

1. எந்த நாற்காலி என்று முடிவு செய்யுங்கள்

"கல்விக் கொள்கை" என்று ஒரே வேலை கிடையாது. குறைந்தது நாலு நாற்காலிகள் இருக்கின்றன. ஒன்றுக்குத் தயாராகிறவர் இன்னொன்றில் உட்கார முடியாது.

முதலாவது ஆய்வு. ஜே-பால் தெற்காசியா, ஐடிஇன்சைட் போன்ற அமைப்புகள் ஒரு திட்டம் வேலை செய்கிறதா என்று அளக்கின்றன. இங்கே பொருளாதாரமும் புள்ளியியலும் இல்லாமல் முடியாது. மேலே போகப் போக முனைவர் பட்டமும் கேட்பார்கள். இரண்டாவது நிதி கொடுக்கும் இடம்: உலக வங்கி, ஆசிய வளர்ச்சி வங்கி. மூன்றாவது ஐ.நா. குடும்பம்: பாரிஸில் யுனெஸ்கோவும் அதன் கல்வித் திட்டமிடல் நிறுவனமும், மான்ட்ரியலில் அதன் புள்ளியியல் நிறுவனம், நாடுதோறும் யுனிசெஃப். நாலாவது, அரசோடு சேர்ந்து வேலையைச் செய்து காட்டும் அமைப்புகள்; பிரதம், சென்ட்ரல் ஸ்கொயர் அறக்கட்டளை போன்றவை.

முடிவு செய்ய ஒரு சுலபமான வழி உண்டு. பத்து வேலை அறிவிப்புகளை அச்செடுத்து, குறைந்தபட்சத் தகுதி, அனுபவ ஆண்டுகள் என்ற இரண்டு வரிகளை மட்டும் அடிக்கோடிடுங்கள். ஐ.நா.வில் பி-2 என்ற தொடக்க நிலை அதிகாரிப் பணிக்கு முதுகலையோடு பொதுவாக 2 வருட அனுபவம், அதற்கு அடுத்த பி-3க்கு 5 வருடம். வெறும் பட்டத்தோடு நிற்பவருக்கு அந்தப் பட்டியலில் இடம் இல்லை என்பது அப்போதே தெரிந்துவிடும்.

பெயரைப் பார்த்தும் ஏமாறக் கூடாது. சென்னை தரமணியில் உலக வங்கி அலுவலகம் இருக்கிறது. ஆனால் அங்கே நடப்பது பெரும்பாலும் கணக்கு, நிர்வாகம், தகவல் தொழில்நுட்பம் சார்ந்த வேலை. "உள்ளே நுழைந்துவிட்டால் மாறிக்கொள்ளலாம்" என்று நம்பிப் போவது நல்ல திட்டம் அல்ல.

2. ஒரு குறுகலான கேள்வியைப் பிடியுங்கள்

"கிராமப்புறக் கல்வித் தரத்தை உயர்த்துவது எப்படி?" என்பது கேள்வி இல்லை, மேடைப்பேச்சு. யார், எங்கே, எந்த வகுப்பு, எதோடு ஒப்பிட்டு என்ற நாலும் அதில் இருந்தால்தான் கேள்வி.

மதுரையைச் சுற்றியே இப்படி எத்தனையோ கிடக்கின்றன. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று சிம்மக்கல் ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில்தான் தொடங்கியது. வருகை கூடியதா என்று எல்லோரும் கேட்பார்கள். காலை 9 மணிப் பாடவேளையில் முதல் வகுப்புப் பிள்ளை எவ்வளவு நேரம் பாடத்தில் இருக்கிறது, திட்டம் வருவதற்கு முன்பும் பின்பும் அது மாறியதா என்று கேட்பவர்கள் குறைவு. அந்த இரண்டாவது கேள்விதான் விண்ணப்பத்தில் நிற்கும்.

புதியவர்கள் அடிக்கடி தவறுவது "அரசுப் பள்ளி" என்ற சொல்லில். மதுரை மாவட்டத்தில் பள்ளிக் கல்வித் துறைப் பள்ளி, மாநகராட்சிப் பள்ளி, ஆதிதிராவிடர் நலப் பள்ளி, கள்ளர் சீரமைப்புப் பள்ளி எல்லாமே பொதுமக்கள் வாயில் அரசுப் பள்ளிதான். மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் உள்ள கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் பிற்படுத்தப்பட்டோர் நலத்துறையின் கீழ் நடந்து வருபவை. அவற்றை ஒரே கூடையில் போட்டால் உசிலம்பட்டிப் பக்கம் உங்கள் கணக்கு தப்பாகும்; துறை பார்த்துப் பிரிக்கும்போது ஒன்றை மறந்துவிட்டால் ஒரு வட்டாரமே காணாமல் போகும். ஆசிரியர் நியமனம் யார் கையில், ஆய்வுக்கு வரும் அதிகாரி யார் என்பதெல்லாம் துறையைப் பொறுத்தது. கொள்கை வேலையில் பாதி இந்தக் கேள்விதான்: யார் கையெழுத்துப் போட்டால் இது மாறும்?

3. களத்தில் இறங்குங்கள்: அனுமதி, மாதிரி, வாசிப்புச் சோதனை

ஆறு மாதமாவது வாரத்துக்கு இரண்டு நாள் வேண்டும். மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட தானம் அறக்கட்டளை, அதோடு சேர்ந்த டாடா-தானம் அகாடமி, சின்னாளப்பட்டிக்குப் பக்கத்தில் காந்திகிராம கிராமியப் பல்கலைக்கழகம் மூன்றும் கிராம வளர்ச்சியில் நீண்ட நாள் வேலை செய்பவை. மாநில அளவில் முதலமைச்சரின் புத்தாய்வுத் திட்டம் 2022-ல் வந்தது. துறைக்குள் உட்கார்ந்து கோப்பு எப்படி நகர்கிறது என்று பார்க்க அதைவிட நல்ல இடம் கிடைப்பது கஷ்டம்.

பள்ளிக்குள் போக வேண்டும் என்றால் வரிசை இது: முதலில் முதன்மைக் கல்வி அலுவலரின் கடிதம், அதைக் காட்டி வட்டாரக் கல்வி அலுவலர், அதன்பிறகு தலைமையாசிரியர். தெரிந்த ஆசிரியர் மூலமாக நேரே பள்ளிக்குப் போனால் முதல் நாள் டீ கிடைக்கும். இரண்டாம் நாள் மேலிருந்து போன் வந்து எல்லாம் நின்றுவிடும், உங்களை உள்ளே விட்டவருக்கும் சங்கடம். காலாண்டு, அரையாண்டுத் தேர்வு வாரங்களையும் மார்ச், ஏப்ரலையும் விட்டுவிடுங்கள். ஜூலை, ஆகஸ்ட் நல்ல மாதங்கள்.

பிள்ளைகளுக்கு வாசிக்கத் தெரியுமா என்று அளக்க, கிராமப்புறப் பிள்ளைகளை வீடு வீடாகச் சோதிக்கும், 2005 முதல் நடக்கும் அசர் ஆய்வின் முறையைப் பழகுங்கள். ஒரு தாளில் எழுத்துகள், சொற்கள், முதல் வகுப்பு நிலையில் ஒரு பத்தி, இரண்டாம் வகுப்பு நிலையில் ஒரு கதை. பத்தியில் ஆரம்பிக்க வேண்டும். வாசித்தால் கதைக்கு ஏறுங்கள். திணறினால் சொல், அப்புறம் எழுத்து என்று இறங்குங்கள். எழுத்திலிருந்து ஆரம்பித்தால் நன்றாக வாசிக்கும் பிள்ளைக்குச் சலிப்பு. எல்லோருக்கும் கதையிலிருந்து ஆரம்பித்தால் தெரியாத பிள்ளை அங்கேயே வாயை மூடிக்கொள்ளும்.

இந்தச் சோதனையை வீட்டில் வைத்துத்தான் செய்ய வேண்டும். பள்ளியில் செய்தால் அன்று வராத பிள்ளை, இடைநின்ற பிள்ளை, தனியார் பள்ளிக்குப் போகும் பிள்ளை மூவரும் கணக்கில் வரமாட்டார்கள். ஆனால் வீட்டுக்கென்றும் ஒரு தொல்லை உண்டு. திண்ணையில் உட்கார்ந்ததும் அம்மா பின்னால் வந்து நிற்பார், அண்ணன்காரன் எட்டிப் பார்ப்பான், பிள்ளை தடுமாறும் சொல்லை மெதுவாக எடுத்துக் கொடுப்பார்கள். அவர்களை விரட்டக் கூடாது. இன்னொருவர் கூட வந்து, "அக்கா, வீட்டுல எத்தனை பேரு படிக்கிறாங்க?" என்று அம்மாவிடம் தனியாகப் பேச்சுக் கொடுக்க வேண்டும். இருவராகப் போவதே இதற்காகத்தான்.

மாதிரி எடுப்பதில்தான் பெரிய பிழை நடக்கிறது. அசர் முறையில் ஒரு மாவட்டத்துக்கு 30 கிராமம், கிராமத்துக்கு 20 வீடு. கிராமத்தை நாலு பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் இடைவெளி விட்டு ஐந்து வீடு எடுப்பார்கள். புதியவர் என்ன செய்கிறார்? பஸ் நிற்கும் இடத்தில், மந்தைப் பக்கம் ஆரம்பித்து, பெரிய தெருவிலேயே 20 வீட்டையும் முடித்துவிடுகிறார். காலனி ஊருக்கு வெளியே, கண்மாய்க்கு அந்தப் பக்கம் இருக்கும். அங்கே ஒரு வீடும் எடுக்காமல் வந்தால் உங்கள் சராசரி ஊரின் சராசரியே அல்ல. எனவே முதல் வேலையாக ஊரை முழுசாக ஒரு சுற்று நடந்து, கையால் வரைபடம் போடுங்கள். காலனி, புதுக் குடியிருப்பு, செங்கல் சூளைப் பக்கத்துக் குடிசைகள் எல்லாம் அதில் வந்துவிட்டனவா என்று ஊர்க்காரர் ஒருவரிடம் காட்டிச் சரிபார்த்த பிறகுதான் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும்.

தாளில் பிள்ளையின் பெயரும் போன் நம்பரும் வேண்டாம். ஒரு எண் போதும். பெற்றோரிடம் எதற்காகக் கேட்கிறோம் என்று சொல்லி சம்மதம் வாங்குங்கள். வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு நெறிக்குழு முதலில் கேட்கும் கேள்வி இதுவாகத்தான் இருக்கும்.

4. செய்த வேலைக்குத் தாள் வாங்குங்கள்

சின்ன விஷயம்தான், ஆனால் நிறையப் பேர் இதில் வருடத்தைத் தொலைக்கிறார்கள். பிரிட்டன் அரசின் செவனிங் உதவித்தொகைக்கு 2,800 மணி நேர வேலை அனுபவம் வேண்டும். வாரம் 40 மணி என்றால் 70 வாரம். பகுதிநேர வேலையும் தன்னார்வப் பணியும் கணக்கில் சேரும். நம் பக்கத்துத் தொண்டு நிறுவனங்களில் "நம்ம பையன், எப்போ வேணும்னாலும் லெட்டர் தர்றோம்" என்பார்கள். எப்போதாவது வாங்கலாம் என்று விட்டால் அந்த அண்ணன் அங்கே இருக்கமாட்டார். சேரும்போதே பதவிப் பெயர், தொடங்கிய தேதி, வார மணிநேரம் எழுதிய கடிதமும், விலகும்போது முடிந்த தேதியோடு இன்னொன்றும் வாங்குங்கள்.

5. எண்களைக் கையாளுங்கள்

எக்செல் போதாது. புள்ளியியலுக்கான ஆர் மென்பொருள் இலவசம்; அதில் ஆரம்பியுங்கள். ஸ்டாட்டாவுக்குக் காசு கட்ட வேண்டும், பிறகு வேலை இடத்தில் கற்றுக்கொள்ளலாம். மூன்று பயிற்சிகளை இந்த வரிசையில் செய்தால் அடித்தளம் விழும்.

முதல் பயிற்சி வெறும் காகிதக் கணக்கு. உலக வங்கியின் 2020 மனித மூலதனக் குறியீட்டில் இந்தியப் பிள்ளை எதிர்பார்க்கக்கூடிய பள்ளி ஆண்டுகள் 11.1. தேர்வு மதிப்பெண் 399. உயர்ந்த கற்றல் நிலைக்கான அளவு 625. 399-ஐ 625-ஆல் வகுத்து 11.1-ஆல் பெருக்கினால் 7.1 வருகிறது. பதினோரு வருடம் பெஞ்சில் உட்கார்ந்தவர் கற்றது ஏழு வருடத்துப் பாடம் என்று அர்த்தம். இதைப் போட்டுப் பார்த்ததும் எழ வேண்டிய சந்தேகம்: அந்த 399 எந்தத் தேர்விலிருந்து, எந்த ஆண்டு, யார் எழுதியது? பல நாடுகளின் 15 வயது மாணவர்களைச் சோதிக்கும் பீசா தேர்வின் 2009 சுற்றில் இந்தியாவிலிருந்து கலந்துகொண்டவை தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் மட்டுமே. அதை இந்தியா முழுவதற்குமான மதிப்பெண்ணாக எடுத்துப் பேசுபவர்களை இன்றும் பார்க்கலாம்.

இரண்டாவது பயிற்சி படிப்புக்கும் சம்பளத்துக்கும் உள்ள தொடர்பு. சம்பளத்தின் மடக்கையை இடதுபக்கம் வைத்து, படித்த ஆண்டு, அனுபவம், அனுபவத்தின் வர்க்கம் மூன்றையும் வலதுபக்கம் வைக்கும் மின்சர் சமன்பாடு. உலக அளவில் கூடுதலாக ஒரு வருடம் படித்தால் சம்பளம் சராசரியாக 9 சதவீதம் கூடுகிறது என்பது பலமுறை மேற்கோள் காட்டப்படும் கணக்கு. மத்தியப் புள்ளியியல் அமைச்சகம் தொழிலாளர் கணக்கெடுப்பின் மூலத் தரவைத் தருகிறது. அதை இறக்கித் தமிழ்நாட்டுக்கு நீங்களே போட்டுப் பாருங்கள்.

இங்கே மூன்று குழிகள். ஒவ்வொரு வரியோடும் வரும் எடைக் காரணியை (அந்த ஒருவர் மாநிலத்தில் எத்தனை பேருக்குப் பதிலாக நிற்கிறார் என்ற எண்) மறந்தால் விடை மாதிரியைப் பற்றியது ஆகிவிடும், மாநிலத்தைப் பற்றியது அல்ல. பதில் இல்லாத இடத்தில் 99 போட்டிருந்தால் அதை 99 வருடம் படித்தவர் என்று கணினி எடுத்துக்கொள்ளும். சிரிப்பாக இருக்கும், ஆனால் நடக்கிறது. மூன்றாவதுதான் ஆழமானது: இந்தச் சமன்பாட்டில் சம்பளம் வாங்குபவர் மட்டும்தான் இருக்கிறார். பட்டம் வாங்கி, கல்யாணமாகி, வேலைக்குப் போகாமல் மேலூரில் வீட்டில் இருக்கும் பெண் அதில் இல்லை. அப்படியிருக்க "பெண்களுக்குப் படிப்பின் பலன் இவ்வளவு" என்று எழுதிவிட்டால், தேர்வாளர் உங்கள் தாளை அந்த இடத்திலேயே மூடிவிடுவார்.

மூன்றாவது பயிற்சி, ஒரு நல்ல ஆய்வை வரிக்கு வரி பிரித்துப் படிப்பது. அபிஜித் சிங், மௌரிசியோ ரொமெரோ, கார்த்திக் முரளிதரன் மூவரும் கொரோனாவுக்குப் பின் தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளைச் சோதித்த ஆய்வை எடுத்துக்கொள்ளுங்கள். 2021 டிசம்பரில் கணிதத்தில் 0.7 திட்டவிலக்கம் (மதிப்பெண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு பரவியிருக்கின்றன என்ற அளவு) பின்னடைவு. பள்ளி திறந்து ஆறு மாதத்தில் அதில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது. அந்த மீட்சியில் சுமார் 24 சதவீதம் இல்லம் தேடிக் கல்வியால் (தன்னார்வலர்கள் மாலையில் வீட்டுப் பக்கத்திலேயே பாடம் சொல்லிக்கொடுத்த தமிழ்நாடு அரசுத் திட்டம்) வந்தது. இந்த 24-ஐ எப்படிப் பிரித்தார்கள் என்று ஒரு பக்கத்தில் தமிழில் உங்கள் அம்மாவுக்குப் புரிய எழுத முடிந்தால், முறை புரிந்துவிட்டது.

பாடமாகப் படிக்க வேண்டுமானால் எம்.ஐ.டி.யும் ஜே-பாலும் சேர்ந்து இணையத்தில் நடத்தும் மைக்ரோமாஸ்டர்ஸ் இருக்கிறது. பாடங்களை இலவசமாகப் பார்க்கலாம், சான்றிதழுக்கு மட்டும் வருமானத்துக்கேற்ற கட்டணம். புது நத்தம் சாலையில் 2023-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் போட்டித் தேர்வு எழுதுவோருக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். வீட்டில் இடமோ அமைதியோ இல்லாதவர் இதையெல்லாம் உட்கார்ந்து படிக்க நல்ல இடம்.

பயிற்சிகள் முடிந்ததும் இரண்டு பக்கக் கொள்கைக் குறிப்பு ஒன்று எழுதுங்கள். அதில் செலவு கட்டாயம் வர வேண்டும். இல்லம் தேடிக் கல்வியில் தன்னார்வலருக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுத்தார்கள், 20 பிள்ளைகள் என்றால் பிள்ளைக்கு மாதம் 50 ரூபாய். ஆனால் பயிற்சி, கற்றல் பொருள், கண்காணிப்பு இவையும் செலவுதான். அவற்றை விட்டுவிட்டு "வெறும் 50 ரூபாயில்" என்று எழுதுவது நிதித் துறைக்காரரிடம் செல்லாது. உலக வங்கி தன் திட்ட ஆவணங்களைப் பொதுவில் வைக்கிறது. 2020-ல் ஆறு மாநிலங்களுக்கு 50 கோடி டாலர் ஒப்புதலான ஸ்டார்ஸ் என்ற பள்ளிக் கல்வித் திட்டத்தின் ஆவணத்தைப் படித்தால் (தமிழ்நாடு அந்த ஆறில் இல்லை) இப்படிப்பட்ட குறிப்பு எந்த மொழியில், எந்த வரிசையில் இருக்க வேண்டும் என்று தெரியும்.

6. இப்போது பல்கலைக்கழகம்

நன்கு அறியப்பட்ட படிப்புகள்: லண்டன் யு.சி.எல்.லில் கல்வியும் சர்வதேச வளர்ச்சியும், ஆக்ஸ்ஃபோர்டில் ஒப்பீட்டு மற்றும் சர்வதேசக் கல்வி, சசெக்ஸில் சர்வதேசக் கல்வியும் வளர்ச்சியும், நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் டீச்சர்ஸ் காலேஜ், ஐரோப்பாவில் எராஸ்மஸ் முண்டஸ் (ஐரோப்பிய ஒன்றியத்தின் கூட்டு முதுகலைத் திட்டம்) வழியாக குளோபெட் என்ற கல்விக் கொள்கைப் படிப்பு. இந்தியாவுக்குள்ளேயே பெங்களூர் அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகம், டிஸ் (டாடா சமூக அறிவியல் நிறுவனம்), சென்னையில் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ். பணம் இறுக்கமாக இருந்தால் இந்தியாவில் முதுகலை முடித்து, வேலை பார்த்து, பிறகு வெளியே போவதே நல்ல வழி. அதை இரண்டாம் தரம் என்று நினைக்க வேண்டாம்.

தரவரிசையைப் பார்ப்பதற்கு முன் பாடத்திட்டத்தைத் திறந்து, புள்ளியியல் பாடம் எத்தனை என்று எண்ணுங்கள். ஒன்றுகூடக் கட்டாயமில்லை என்றால் முதல் படியில் ஆய்வு நாற்காலியைத் தேர்ந்தவருக்கு அது ஆகாது.

மூன்று வருட பி.ஏ., பி.எஸ்சி. படித்தவர்கள் பிரிட்டனுக்குத் தடையின்றி விண்ணப்பிக்கலாம். அமெரிக்காவில் பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் வேறுபடும். அமெரிக்காவில் இன்னொரு கணக்கும் உண்டு: படிப்பு முடிந்து வேலை பார்க்க 12 மாத அனுமதி, அறிவியல், கணிதப் பிரிவில் வகைப்படுத்திய படிப்புக்கு மட்டும் கூடுதலாக 24 மாதம். கல்விக் கொள்கைப் படிப்புகள் பெரும்பாலும் அந்தப் பிரிவில் வராது. அங்கே ஒவ்வொரு படிப்புக்கும் ஒரு வகைப்பாட்டுக் குறியீடு உண்டு; அளவுசார் பொருளாதாரம் 45.0603 என்ற குறியீட்டில் இருந்தால் வரும். சேர்வதற்கு முன் மின்னஞ்சல் போட்டுக் குறியீட்டு எண்ணைக் கேளுங்கள்.

7. பெயர், மதிப்பெண் பட்டியல், பரிந்துரை

நம் ஊர்க்காரர்களுக்கென்றே இருக்கும் சிக்கல் இனிஷியல். பட்டச் சான்றிதழில் "மு. செல்வி", பாஸ்போர்ட்டில் "செல்வி முருகன்", பிறப்புச் சான்றில் வெறும் "செல்வி". மூன்றும் ஒருவர்தான் என்று லண்டனில் இருப்பவருக்கு எப்படித் தெரியும்? பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடம் காலியாக இருந்தால் அமெரிக்க விசாவில் உங்கள் பெயர் குடும்பப் பெயராகவும், முதற்பெயர் "தெரியவில்லை" என்றும் அச்சாகும். வங்கிக் கணக்கிலிருந்து மாணவர் அட்டைவரை அது தொடரும். எனவே இனிஷியலை விரித்து, குடும்பப் பெயர் கட்டத்தை நிரப்பி, பாஸ்போர்ட்டை முதலில் சரிசெய்யுங்கள். மற்ற எல்லாப் படிவத்திலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதுங்கள்.

பல்கலைக்கழகத்திலிருந்து முத்திரையிட்ட டிரான்ஸ்கிரிப்ட் வாங்க வாரக்கணக்கில் ஆகலாம். கல்லூரி கொடுத்த மதிப்பெண் பட்டியலின் நகல் அதற்கு ஈடாகாது. ஐந்து உறை சேர்த்து வாங்கிவிடுங்கள்.

பரிந்துரைக்கு ஒருவர் பேராசிரியர், ஒருவர் வேலை இடத்து மேலாளர். "நீயே எழுதிக் கொண்டு வாப்பா, கையெழுத்துப் போடுறேன்" என்பது இங்கே வழக்கம். இரண்டு கடிதமும் ஒரே நடையில் இருப்பது படிப்பவருக்கு உடனே தெரியும். அதற்குப் பதிலாக, நீங்கள் செய்த மூன்று வேலைகளைத் தேதியோடு ஒரு தாளில் குறித்துக் கொடுத்துவிட்டு, எழுதுவதை அவரிடம் விடுங்கள். முடிந்தவரை நிறுவன மின்னஞ்சலிலிருந்து போகட்டும்.

8. நோக்க அறிக்கை

இந்தப் படிப்பு உங்களுக்கு ஏன் வேண்டும் என்று பல்கலைக்கழகத்துக்கு எழுதுவதுதான் நோக்க அறிக்கை. பெரும்பாலானவை இப்படி ஆரம்பிக்கின்றன: "சிறுவயது முதலே கல்வியின் மீது எனக்குத் தீராத ஆர்வம். கல்வி ஒன்றே சமூகத்தை மாற்றும் ஆயுதம்." இதை யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்பதுதான் குறை.

இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்: "உசிலம்பட்டி வட்டாரத்தில் 12 குடியிருப்புகளில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளின் வாசிப்பைச் சோதித்தேன். இரண்டாம் வகுப்புக் கதையை வாசிக்க முடியாதவர்களில் பலர், பெற்றோர் கரும்பு வெட்டப் போகும் மாதங்களில் பாட்டியிடம் தங்கியவர்கள். பள்ளி வருகைப் பதிவேடு இதைக் காட்டவில்லை. வருகை சரியாகவே இருந்தது." இதில் இடம் இருக்கிறது, அளவு இருக்கிறது, எதிர்பாராத ஒன்று இருக்கிறது. அடுத்த பத்தியில் "இதைப் புரிந்துகொள்ள எனக்கு இல்லாத கருவி இது, அது உங்கள் இந்தப் பாடத்தில் இருக்கிறது" என்று எழுதினால் அறிக்கை முடிந்த மாதிரி. மூன்றாம் படியைத் தாண்டி வந்தவர் இதை எழுத மண்டையை உடைத்துக்கொள்ள மாட்டார்.

வறுமையை மட்டும் விவரித்து இரண்டு பக்கம் நிரப்ப வேண்டாம். தேர்வுக் குழு பார்ப்பது உங்கள் யோசனையை.

9. உதவித்தொகை நாட்காட்டி

செப்டம்பரில் வகுப்பு என்றால் அதற்கு 18 மாதம் முன்பே தொடங்க வேண்டும். முதலில் வருவது அமெரிக்காவில் படிக்க உதவும் ஃபுல்பிரைட்-நேரு முதுகலை உதவித்தொகை: முந்தைய ஆண்டின் மே வாக்கிலேயே முடிந்துவிடும், 3 வருட வேலை அனுபவம் வேண்டும், நாலு வருடப் பட்டத்துக்கு ஈடான படிப்பும் வேண்டும். அதாவது மூன்று வருட பட்டம் மட்டும் போதாது. செவனிங் ஆகஸ்டில் திறந்து அக்டோபர், நவம்பர் வாக்கில் மூடும். மூன்று படிப்புகளைக் குறிப்பிட வேண்டும், முடித்து இரண்டு வருடம் சொந்த நாட்டில் இருக்க வேண்டும். எராஸ்மஸ் முண்டஸ் அக்டோபரிலிருந்து ஜனவரிவரை.

பட்டியல் சாதி, சீர்மரபினர், நிலமற்ற விவசாயக் கூலி, பாரம்பரியக் கைவினைஞர் குடும்பத்தினருக்கு மத்திய அரசின் தேசிய அயலக உதவித்தொகை உண்டு. 2022 வழிகாட்டுதலில் இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்தியாவை மையமாகக் கொண்ட சமூக ஆய்வுத் தலைப்புகள் நீக்கப்பட்டன. ஆகவே உங்கள் தலைப்பை எழுதும்போது கவனம் வேண்டும். பல நாடுகளின் ஒப்பீடாக அமைத்தால் சிக்கல் குறையும். தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வி உதவித்தொகையை ஆதிதிராவிடர், பழங்குடியினர் மாணவர்கள் தவறாமல் பார்க்க வேண்டும். இந்த இரண்டுக்கும் வருமானச் சான்று, சாதிச் சான்று கேட்பார்கள். இ-சேவை மையத்தில் முன்னதாகவே எடுத்து வையுங்கள். கடைசி வாரத்தில் தாசில்தார் லீவில் இருப்பார்.

10. பணமும் விசாவும்

கல்விக் கடனில் 7.5 லட்சத்துக்கு மேல் பொதுவாக அடமானம் கேட்பார்கள். வாடிப்பட்டிப் பக்கம் மூன்று ஏக்கர் தோட்டம் இருக்கிறது என்று நம்பி இருந்துவிடாதீர்கள். கொடுத்த கடன் திரும்ப வராவிட்டால் வங்கி சொத்தைக் கைப்பற்ற வழிசெய்யும் 2002 சட்டம் விவசாய நிலத்துக்குப் பொருந்தாது. அதனால் பெரும்பாலான வங்கிகள் அதை அடமானமாக எடுப்பதில்லை. வீடு, அங்கீகாரம் பெற்ற மனை, வைப்புத்தொகை இவைதான் செல்லும். இதைத் தெரிந்துகொள்ள வங்கிக்கு சேர்க்கைக் கடிதம் வந்த பிறகு போகக் கூடாது, ஆறு மாதம் முன்பே போங்கள்.

பிரிட்டன் மாணவர் விசாவுக்குப் பணம் தொடர்ந்து 28 நாள் கணக்கில் குறையாமல் இருக்க வேண்டும். ஒரே ஒரு நாள் குறைந்தாலும் நிராகரிப்பு. கணக்கு உங்களுடையதாகவோ பெற்றோருடையதாகவோ இருக்க வேண்டும். தாய்மாமாவோ சித்தப்பாவோ "என் கணக்குல இருக்குப்பா, காட்டிக்கோ" என்று சொன்னால் நன்றி சொல்லிவிட்டு, அந்தப் பணத்தை முன்கூட்டியே அப்பா கணக்குக்கு மாற்றி 28 நாளை எண்ண ஆரம்பியுங்கள். பெற்றோர் கணக்கென்றால் பிறப்புச் சான்று கேட்பார்கள்; ஏழாவது படியின் பெயர்ச் சிக்கல் இங்கேயும் வந்து நிற்கும்.

11. படிக்கும்போதே வாசலைத் தட்டுங்கள்

ஐ.நா. தலைமைச் செயலகப் பயிற்சிப் பணிக்குச் சம்பளம் இல்லை. நியூயார்க், ஜெனீவா வாடகையைக் கணக்குப் போட்டுவிட்டு விண்ணப்பியுங்கள். உலக வங்கிப் பயிற்சிக்குச் சம்பளம் உண்டு. அங்கே பலர் நுழையும் வழி குறுகிய கால ஆலோசகர் ஒப்பந்தம்: ஒரு நிதியாண்டில் அதிகபட்சம் 150 நாள். அந்த ஒப்பந்தத்துக்குப் பெரும்பாலும் விளம்பரமே வராது. ஒரு குழுவுக்குத் தரவைச் சுத்தம் செய்யவோ கள ஆய்வை நடத்தவோ ஆள் தேவைப்படும்போது தெரிந்தவரைக் கூப்பிடுவார்கள். ஐந்தாம் படியின் இரண்டு பக்கக் குறிப்பு இங்கேதான் உதவும். "வேலை இருந்தால் சொல்லுங்கள்" என்று எழுதாமல், அந்தக் குழுவின் அறிக்கையில் ஒரு அட்டவணையைக் குறிப்பிட்டு, உங்கள் குறிப்பை இணைத்து, ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்.

ஐ.நா.வின் இளநிலை வல்லுநர் பணியிடங்களுக்குப் பெரும்பாலும் நிதி கொடுக்கும் நாடுகள் தம் குடிமக்களையே அனுப்பும். அதில் நேரத்தை விட வேண்டாம். இந்தியாவில் தேசிய அதிகாரி பணியிடங்கள் இந்தியருக்கு மட்டும் உரியவை. தமிழ்நாட்டையும் கேரளத்தையும் பார்க்கும் யுனிசெஃப் சென்னை அலுவலகத்தின் அறிவிப்புகளைக் கவனித்து வாருங்கள். ஐ.நா. தன்னார்வலர் பணியும் நல்ல வாசல், அதற்கு உதவித்தொகை உண்டு.

ஐ.நா. அமைப்பு எதுவும் விண்ணப்பத்துக்கோ நேர்காணலுக்கோ பயிற்சிக்கோ காசு வாங்காது. "செயலாக்கக் கட்டணம்" என்று யாராவது ஜிபே நம்பர் அனுப்பினால் அது மோசடி. 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் கொடுங்கள்.